திராட்சை அளவுக் கட்டிக்கு இத்தனை முகச்சுளிப்பு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல லாட்ஜில் எதிர் அறை லாரி டிரைவர் எழுதுவது. நான் சுகம், உன் தங்கச்சி சுகம், வயிற்றுப் பிள்ளை உதைக்கிற உதையைப் பார்த்தால் அதுவும் சுகம். நீயும் சுகமாயிரு. ஆனால் நேற்று போனில் அவளிடம், பிள்ளை முகம் பார்க்கிற மாதிரி இருக்குமா என்று கேட்டாயே, எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எட்டாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் மேல் ஈறில் திராட்சை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது, அவ்வளவுதான். நானும் அந்த அறையில் இருந்தேன். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் கேட்டது மறக்காது. டாக்டரம்மா சொன்னார், பார்த்தவரைக்கும் கெட்ட கட்டி இல்ல பெரியவரே, அபூர்வமா வரும், பிறந்ததும் எடுத்துட்டா சரியாப் போகும், இப்பவே பாருங்க பனிக்குடத் தண்ணியை நல்லா முழுங்குது, பிறக்கிறப்ப மூச்சு அடைச்சா பார்க்க ஆபரேஷன் டாக்டர் பக்கத்துல இருக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க என்று.

மாப்பிள்ளை வீட்டில் அப்படியே ஒப்பித்தேன். சம்பந்தியம்மா, படிக்காத மனுஷனுக்கு என்ன புரியும் என்று ரிப்போர்ட்டைப் பிடுங்கி, கட்டி என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டு, புற்றுநோய் என்று ஒப்பாரி வைத்தார். படத்தை உறவுக்கெல்லாம் அனுப்பினார். ஒருத்தி, நாக்கு தொங்குதேடி என்றாளாம். த்தூ. இத்தனையும் செய்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்க, தெருமுனை ஆஸ்பத்திரியிலயே சத்தமில்லாம பெத்துக்கட்டும் என்று முடிவு கட்டினார். அங்கே குழந்தை டாக்டர் வருவதே வாரத்தில் ஒரு நாள். மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். நான் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளிய காலத்தில் இருபத்திரண்டாம் கட்டிலில் இப்படியே ஒரு பெண் பிள்ளை, கட்டியை எடுத்த மறுநாளே பால் குடித்தது. அதன் அப்பன் வராண்டாவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். கட்டி எனக்கு அசிங்கமாகப் படவில்லை, அவன் மூஞ்சிதான் பட்டது.

இன்று காலை உன் தங்கச்சியைக் கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே அறை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையிடம், வர்றதுன்னா அம்மாவை விட்டுட்டு வாங்க என்றேன். இன்னும் வரவில்லை. பிறந்ததும் பிள்ளையைப் பிரசவ அறை வாசலில் வாங்கிக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டுமாம். நான் நிற்பேன். வந்தால் நீயும் பக்கத்தில் நில். முகம் சுளிப்பாய் என்று உனக்கே தோன்றினால் டிக்கெட் எடுக்காதே.

எங்கிருந்தாலும் நன்றாக இரு. முதலில் தங்கச்சிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேள், அவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா, கைநாட்டு