காற்றின் மேல் போட்ட பழி

பிப்ரவரி 4, செவ்வாய்

பயிற்சிக் கூடத்தில் அறுபது பந்து உதைத்தேன். அறுபதையும் நானே நடந்துபோய்ப் பொறுக்கினேன். அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் முடிந்து ஒரு மாதமாகிறது, தரை துடைக்கிற ஆள்கூட இல்லை. வலது முட்டி சொன்ன பேச்சு கேட்டது. முப்பத்தேழு வயசில் அதுவே பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்து டப்பா பீன்ஸைச் சூடாக்கித் தின்றேன். என் மனைவி கேரின் என்னைப் பிரிந்து ஒரெகன் போனபோது பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மைக்ரோவேவை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். புண்ணியவதி.

பிப்ரவரி 5, புதன்

இன்று யாரோடும் பேசவில்லை. தபால்காரரும் வரவில்லை. பனி.

பிப்ரவரி 9, ஞாயிறு

டிவியில் சொன்னார்கள். கிக்-ஆஃபையே எடுத்துவிடப் போகிறார்களாம். லீக்கின் விதிக் குழுவுக்கு முன்மொழிவு வந்திருக்கிறது. மார்ச் கடைசியில் அணி முதலாளிகள் ஓட்டுப் போடுவார்கள்.

இனிமேல் ஒரு அணி பாயிண்ட் எடுத்ததும் பந்தைத் தரையில் நிறுத்தி எதிரணிக்கு உதைத்துத் தர வேண்டாம். பாயிண்ட் எடுத்த அணிக்கே தன் பக்கத்து முப்பதாவது கஜத்தில் பந்து. ஒரே ஒரு வாய்ப்பு, பதினைந்து கஜம் முன்னேற வேண்டும். தைரியம் இருந்தால் முயலலாம். இல்லையென்றால் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கிறவன் வந்து எதிரணிப் பக்கம் உதைத்துவிட்டுப் போவான். இரண்டு பக்கமும் தலைதெறிக்க ஓடிவந்து மோதுவது குறையுமாம்.

கையிலிருந்து உதைக்கிறவன் வேறு ஆள். கம்பத்துக்கு நடுவே உதைத்துப் பாயிண்ட் எடுக்கிறவனும் வேறு ஆள். நான் கிக்-ஆஃப் மட்டும். பதினொரு வருஷமாக அதற்கு மட்டுமே என்னை வைத்திருக்கிறார்கள். விதி மாறினால் நான் எதற்கு? வீட்டிலும் வேண்டாம், மைதானத்திலும் வேண்டாம்.

அடுத்து அந்தக் காட்சியைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது, எங்கள் அணி ஒடெல் என் உதையைத் துரத்தி ஓடி விழுகிற காட்சி. அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

கோச் பிரானிகன் போன் செய்தார். உதைக்கிற வேலை, துரத்துகிற வேலை எல்லாம் அவர் பொறுப்புதான். விதி மாறினால் அவர் நாற்காலியும் ஆடும். உதைக்கிறவன் ஒருவனை விதிக் குழு நேரில் கேட்க விரும்புகிறதாம்.

"நீதான் பேசணும் வெண்டல். உன் உதையிலதான ஒடெல் விழுந்தான்? நீயே வந்து அது ஆட்டத்தோட குத்தம் இல்ல, காத்தோட குத்தம்னு சொன்னா எவன் வாயத் திறப்பான்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, பேசினால் வேலை, பேசாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து டப்பா பீன்ஸ் தின்னு என்றார். நான் என்ன தின்கிறேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 20, வியாழன்

இதை நான் எங்கேயும் எழுதினதில்லை. கேரினிடம்கூடச் சொன்னதில்லை. எழுதிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன், நவம்பர். எங்கள் அணி முன்னால் இருந்தது. கோட்டோரத்தில் கோச் முஷ்டியை மடக்கிக் காட்டினார். முஷ்டி என்றால் எதிரணியின் கடைசிக் கோட்டையும் தாண்டி வெளியே அனுப்பிவிடு என்று அர்த்தம். அப்படி அனுப்பினால் யாரும் யாரோடும் மோத வேண்டாம். விரித்த கை என்றால் உயரமாக, கொஞ்சம் குறைவாகப் போடு. எதிரணிக்காரன் பிடித்து ஓடுவான், நம் பத்துப் பேர் பாய்ந்து அவன் கோட்டுக்குப் பக்கத்திலேயே அமுக்குவார்கள்.

அவர் காட்டியது முஷ்டி. நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

வெளியே உதைத்தால் என்ன ஆகும்? பத்துப் பேரும் பாதி வழியில் ஓட்டத்தை நிறுத்தி, என்னைப் பார்க்காமலே பெஞ்சுக்குத் திரும்புவார்கள். உயரமாகப் போட்டு ஆளை அமுக்கினால் பத்துப் பேரும் என்னிடம் வருவார்கள். ஆளுக்கு ஒரு தட்டு, என் ஹெல்மெட்டில். தப் தப் தப் என்று பத்துத் தட்டு. வாரம் முழுக்கத் தனியாக மூலையில் உதைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது ஒன்றுதான் கிடைக்கும். அந்த வாரம்தான் கேரின் விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

எனக்கு அந்தத் தட்டு வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். உயரமாகப் போட்டேன்.

ஒடெல் ஃபோன்டனோதான் எப்போதும் முதலில் போய்ச் சேருவான். அன்றைக்கும் அவன்தான். தலை குனிந்து மோதினான், எழுந்திருக்கவில்லை.

காற்று பந்தைத் தடுத்துவிட்டது என்று கோச் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பக்கத்தில் நின்று தலையாட்டினேன். காற்றே இல்லை. கம்பத்து உச்சியில் கட்டியிருக்கும் நாடா அசையவே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

அறுபது பந்து. ஒன்றும் சரியாகப் போகவில்லை.

மார்ச் 3, திங்கள்

ஒடெலின் மனைவி ஜோலினுக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னேன். "சனிக்கிழம வாங்க, அன்னிக்கு அவருக்கு பிசியோ கிடையாது" என்றார். வைத்துவிட்டார்.

மார்ச் 8, சனி

லூசியானா. வெயில். சட்டையைக் கழற்றிப் பிழியலாம் போல இருந்தது.

வாசலில் சறுக்குப் பலகை. ஒடெல் சக்கர நாற்காலியில், தொப்பியோடு. தோளும் முழங்கையும் அசைகின்றன, மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குகிறான், விரல் அசைவதில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஜோலினிடம், "கதவத் தொறந்தே வை, இவன் வழி மறந்து நாலு வருஷம் ஆச்சு" என்றான்.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன பேச்சு மறந்துபோயிற்று. கொட்டிவிட்டேன். முஷ்டி, நாடா, பத்துத் தட்டு, எல்லாவற்றையும். ஜோலின் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.



"தெரியும்டா" என்றான் ஒடெல். "உன் கால் பந்துல படுற சத்தம் எனக்குத் தெரியாதா? வெளிய போற உதைக்கு ஒரு சத்தம், மேல போற உதைக்கு ஒரு சத்தம். கேட்டதும் சந்தோஷமாத்தான் ஓடுனேன். பந்து வெளிய போனா எனக்கு அன்னிக்கு என்ன வேல? அந்த ஒரு ஓட்டத்துக்குத்தான்டா என்னை டீம்ல வச்சிருந்தாங்க."

அப்படியானால் என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"இருக்கு. நெறைய இருக்கு. உதைச்சதுக்கு இல்ல. மத்தவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. நான் கதவையே பாத்துட்டுக் கெடந்தேன். நீ வரல."

தட்டுக்கு ஆசைப்பட்டவன், தட்டின கைக்காரன் படுத்துக் கிடக்கும்போது ஒளிந்துகொண்டேன். சீ.

விதி மாறுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அவனைப் போல ஓடிப் பிழைக்கிறவர்களை யார் எடுப்பார்கள் என்கிறான். குழு முன்னால் என்ன பேசட்டும் என்றேன். உன் இஷ்டம் என்றான். "ஆனா காத்துன்னு மட்டும் சொல்லாத. நாலு வருஷமா காத்து காத்துன்னு கேட்டு, ஜன்னலத் தொறந்தாலே எரிச்சலா வருது."

ஜோலின் சோறும் வெண்டைக்காய் போட்ட கம்போக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வைத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

விமானத்தில் அழுதேன். பக்கத்து இருக்கை அம்மாள் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

மார்ச் 25, செவ்வாய்

ஹோட்டல் அறை, நீள மேசை, கோட்டுப் போட்ட எட்டுப் பேர். கோச் பின்வரிசையில், எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

காற்று இல்லை என்றேன். முதல் வாக்கியமே அதுதான். மீதி எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படியென்றால் தப்பு உங்களுடையதுதானே, ஆட்டத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார்.

"தப்பு என்னுதுதான் சார். ஆனா ஒருத்தன் தலையில நாலு தட்டு வாங்க ஆசைப்பட்டா இன்னொருத்தன் கழுத்து போயிடும்னா, அந்த இடத்துல ஆளை நிறுத்தாதீங்க. எனக்கு இந்த வேலை வேணும். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. இருந்தாலும் எடுத்துடுங்க."

ஒடெலுக்கு இது பிடிக்காது என்பதையும் சொன்னேன். அவன் பேச்சையும் அவர்கள் கேட்க வேண்டும் அல்லவா? திரும்பிப் பார்த்தபோது கோச் இருந்த நாற்காலி காலி.

ஏப்ரல் 1, செவ்வாய்

நிறைவேறிவிட்டது. இரண்டே ஓட்டு வித்தியாசம். முட்டாள்கள் தினத்திலா சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 3, வியாழன்

ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். லாக்கரை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டுமாம். குரல் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

லாக்கரில் இரண்டு ஷூ, ஒரு ஹெல்மெட். ஹெல்மெட்டைத் திருப்பித் தர வேண்டும். தந்துவிட்டேன். கோச் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தட்டவில்லை.

மே 17, சனி

ஒடெலுக்கு எழுதினேன், பிடிக்காததைப் பேசிவிட்டேன் என்று. ஜோலின் பதில் அனுப்பியிருக்கிறார், அவன் சொல்லச் சொல்ல எழுதினதாம்: "காத்துன்னு சொல்லலல்ல, போதும். நண்டு சீசன் முடியறதுக்குள்ள வா."

செப்டம்பர் 7, ஞாயிறு

சீசனின் முதல் ஆட்டம். ஒடெல் வீட்டில்தான் பார்த்தேன். இந்த வருஷம் நாலாவது முறை வருகிறேன். ஜோலின் இப்போது முகம் பார்த்துப் பேசுகிறார், பாத்திரமும் தேய்க்கச் சொல்கிறார்.

எங்கள் பழைய அணி டச்டவுன் போட்டது. பாயிண்ட் ஏறிற்று. பழக்கம், இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அவன் தோள் முன்னால் சாய்ந்தது. என் வலது கால் தரையில் அழுந்தியது. திரையில் யாரும் ஓடவில்லை. கையிலிருந்து உதைக்கிறவன் வந்தான், உதைத்தான், போனான்.

"சப்புனு இருக்கு" என்றான் ஒடெல்.

ஆமாம் என்றேன்.

அவன் மணிக்கட்டுப் பட்டியில் செருகியிருந்த ஸ்பூன் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். தலையில் தொப்பென்று ஒரு அடி. நிமிரப் போனேன், அவன் முழங்கை இன்னும் என் தலைக்கு மேல் தூக்கித்தான் இருந்தது.

"அன்னிக்குக் குடுக்க முடியல" என்றான்.

குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். ஜோலின் சமையலறையிலிருந்து, ஸ்பூன் கிடைத்ததா இல்லையா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன்.