பிக்கட்டி பஸ் குரூப்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போச்சு.

கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து ரேவதி போன். இனி எல்லா சர்வரையும் அங்கிருந்தே ஒரே கட்டளையில் பார்த்துக்கொள்வார்களாம். மலையில் நான் பார்க்கும் சர்வர்களை எல்லாம் குரூப்பாகப் பிரித்து லிஸ்ட் அனுப்ப வேண்டும். ஒரு குரூப்புக்குச் சொன்னால் அதில் உள்ள அத்தனையும் கேட்குமாம்.

பிரித்தேன். பஸ் வழிப்படி. ரிப்பேர் என்றால் ஓடுகிறவன் நான்தானே.

கேத்தி பஸ் – நாலு
பைக்காரா பஸ் – மூணு
பிக்கட்டி பஸ் – அஞ்சு

(பிக்கட்டி பஸ் கண்டக்டர் ஒரு தடவை என் மடியில் இருந்த சர்வரைப் பார்த்து, "ஏனுங்க பாய், கொழந்தைக்கு அரை டிக்கெட்டுங்களா?" என்றார். இறங்கும்வரை பஸ்ஸே சிரித்தது.)

பிக்கட்டியில் நாலு தேயிலை ஃபேக்டரிக்கு. அஞ்சாவது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மண்சரிவு சைரனுக்கு. மழை அளவு மீறினால் ஊதும்.

லிஸ்ட் போயாச்சு. "சூப்பருங்கண்ணா" என்றாள்.

ஜூலை 9, புதன்

மழை நிற்கவில்லை. மதியம் ரேவதி.

"காதர்ண்ணா, பிக்கட்டி குரூப்புக்கு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் குடுத்தேங்க. நாலு வந்துருச்சு. ஒண்ணு வரலீங்க. அது எந்த ஃபேக்டரி?"

"ஃபேக்டரி இல்லம்மா. சைரன்."

அங்கிருந்தே இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள். வரவில்லை.

அது பழைய பெட்டி. ரீஸ்டார்ட் ஆனால் ஆள் போய் பட்டனை அழுத்த வேண்டும். எனக்குத் தெரியும். லிஸ்டில் எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. லயத்தில் செல்விக்கு போன் அடித்தேன். சைரன் அறையைக் கூட்டுகிறவள்.

"சாவி கிளார்க்கு கிட்டங்கண்ணா. அவரு லீவு. இரும்புக் கதவு, உடைக்க முடியாது."

"அப்ப ஊடு ஊடா போ. எல்லாரையும் கெளப்பு. சைரன் ஊதாது."

நாலரைக்கு அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"மண்ணு எறங்கிருச்சுங்கண்ணா. நாங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்கோம். கடைசி ஊட்டு மாரியண்ணன் மட்டும்..."

"சொல்லலையா?"

"ரெண்டு வாட்டி போனேங்க. சைரனே ஊதல, நீ எதுக்கு பறக்குறே, டீ குடிச்சிட்டு போன்னாரு."

சைரன் கம்பத்துக்குக் குழி வெட்டியவர் மாரி.

ஜூலை 10, வியாழன்

மாரியைக் காலையில் மண்ணிலிருந்து எடுத்தார்களாம்.

ரேவதி அழுதாள். "நான் பாத்திருக்கணுங்கண்ணா." லிஸ்ட் என்னுது என்றேன். மேனேஜரிடமும் அதையே. "சர்வருக்கு பஸ் ரூட்டா?" இரண்டு தடவை கேட்டார்.

புது லிஸ்ட். வேலைப்படி. சைரன் தனி; கேட்காமல் தொடக்கூடாது.

ஜூலை 12, சனி

ரோடு திறந்தது. முதல் பஸ். கிளார்க் கதவைத் திறந்தார், பட்டனை அழுத்தினேன். ஒரு விரல் வேலை. ஆபீஸில் ஊதிப் பார்க்கச் சொன்னார்கள், ஊதினேன். லயத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். செருப்பில்லாமல்.

செல்வி மட்டும் ஓடவில்லை. நடந்து மேலே வந்தாள்.

"இப்ப எதுக்குங்கண்ணா ஊதுறீங்க?"