ஹில்மிக்கு விழுந்த கல்

தேற்றாத்தீவு,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகள் விதுர்ஷாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் பசுவும் சுகம். சுவிஸில் நீயும் சுகமாக இருக்கக் கண்ணகை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிறேன், நீ வாய் திறக்காதபடியால் நம்புவதைத் தவிர எனக்கும் வேறு வழியில்லை. ஒரு மாதமாக நான் அனுப்பும் எல்லாச் செய்திக்கும் ஒரு பெருவிரல் படம் அனுப்புகிறாய். முழங்கால் வலி என்று எழுதினாலும் பெருவிரல், பெரியம்மா வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்று எழுதினாலும் பெருவிரல். கடிதத்துக்குப் பெருவிரல் காட்ட முடியாது என்பதால் கடிதம் எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்வார், குரல் பதிவு அனுப்பினால் உன் சித்தப்பா மகன் உதயரூபன் அதை எப்படியாவது பிடித்து ஊர்க் குழுவில் போட்டுவிடுவான். உன்னோடு படித்த வதனி லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறுகிறாள், சனிக்கிழமை உன் கையில் தருவதாகச் சொன்னாள். பொதியில் மிளகாய்த்தூளும் இறால் கருவாடும் இருக்கின்றன, கருவாட்டை ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரி, இல்லாவிட்டால் போன முறை போல் கீழ்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடப் போகிறாள்.

டீவிக்காரர் உங்களைப் படம் பிடித்த அந்தத் தீவில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும், நீ சுவிஸுக்குத் திரும்பின பிறகு இங்கே எங்களுக்கு என்ன காட்டினார்கள் என்பது உனக்குத் தெரியாது, ஆகையால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். டீவியில் ‘ஒற்றைத் தீவு’ தொடங்கிய கிழமை உதயரூபன் சந்தியில் உன் படத்தைப் பெரிதாக அடித்துக் கட்டினான். பல நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஆளில்லாத தீவில் விட்டு, அரைவயிற்றுக்குச் சோறு கொடுத்து, கிழமைக்கு ஒருமுறை நெருப்பைச் சுற்றி இருத்தி, யாரை வெளியே அனுப்புவது என்று கல்லில் கரியால் பெயர் எழுதிக் கூடையில் போடச் சொல்கிறார்கள், அதிகக் கல் விழுந்தவர் படகேறிப் போக வேண்டும். இதைப் பார்த்த அப்பா, இதற்குத் தீவு எதற்கு, எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தைப் படம் பிடித்தால் போதாதா என்று கேட்டார். முதல் நாள் நீ எழும்பி நின்று, நான் மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளை, மீன் பிடிப்பது எங்களுக்குக் கைப்பழக்கம் என்று சொன்னதும் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். குசினிக்குள் நண்டு ஓடினால் கதிரையில் ஏறி நிற்கிறவள் நீ. அதைவிட அதிசயம், காத்தான்குடிப் பையன் ஹில்மியும் எழும்பி அதையே சொன்னது. புடவைக்கடைக்காரர் மகன், தோஹாவில் கணக்கு எழுதுகிறவன், மீனைக் கறிச்சட்டியில்தான் கண்டிருப்பான். ஆனால் மற்றவர்கள் நம்பிவிட்டார்கள், மீன் பிடிக்கிறவர்களை யார் வெளியே அனுப்புவார்கள்? உங்கள் கூட்டணி அந்தப் பொய்யில்தான் பிறந்தது. விடியற்காலையில் தூண்டிலோடு போய்ப் பாறைக்குப் பின்னால் இருந்து ஊர்க்கதை கதைத்துவிட்டு, இன்றைக்கு நீரோட்டம் சரியில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் திரும்பி வருவீர்கள், இங்கே நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஸஹீதா கிடைத்தாள். பள்ளிச் சீருடை தைக்க நான் துணி வாங்குகிற கடை ஹில்மியின் வாப்பா ஹலீமின் கடை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் மனைவி ஸஹீதாவுக்கும் எனக்கும் இத்தனை வருடமாக இருந்த பேச்சு எத்தனை மீற்றர் என்பதோடு சரி. அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரு காலத்தில் எப்படிப் பகையாக இருந்தது என்று நீ கேள்விப்பட்டிருக்கிறாய், அதற்குப் பிறகு கடைக்குப் போவோம் வருவோம், வீட்டு வாசல்படி மிதிப்பதில்லை. நிகழ்ச்சி தொடங்கிய இரண்டாம் கிழமை அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் தந்தாள். பிறகு ஒரு ஞாயிறு அவள் இங்கே வருவாள், மறு ஞாயிறு நான் அங்கே போவேன், சேர்ந்திருந்துதான் பார்ப்போம். நீங்கள் தீவில் இருந்தது நோன்பு மாதம். பகலில் தரும் ஒரு நேரச் சோற்றில் ஹில்மியின் பங்கைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, இலையால் மூடி, குரங்கு தொடாமல் நீ காவல் இருப்பாய், சூரியன் கடலுக்குள் இறங்கியதும் ‘ஹில்மி அண்ணா, ஓம், இப்ப சரி’ என்று கத்துவாய். ஒவ்வொரு முறையும் ஸஹீதா என் தொடையில் தட்டுவாள். ‘உங்கட வளர்ப்பு, அக்கா’ என்பாள். இந்த வயதில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை, மகள்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது, அன்றைக்கு அவள் எங்கள் வீட்டில். தீவில் உங்களோடு இருந்த மலேசியாப் பெண் உன்னைத் தனியே கூப்பிட்டு, ஹில்மியை எல்லாருக்கும் பிடிக்கிறது, கடைசிவரை விட்டால் அவன்தான் வெல்லுவான், இப்போது அனுப்பாவிட்டால் பிறகு அனுப்ப முடியாது என்று சொன்னதைக் காட்டினார்கள். நீ நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்ததைக் காட்டினார்கள். மத்தியானம் நீ அவனிடம் போய் ‘எண்ட கல் உங்களுக்கு விழாது அண்ணா’ என்று சொன்னதையும் காட்டினார்கள், பிறகு உன் கல்லில் அவன் பெயர் இருந்ததை வயலின் வாசித்து வாசித்துக் காட்டினார்கள். மழை வரப்போகிறது என்று அன்றைக்கு நெருப்புக் கூட்டத்தைப் பொழுதோடு வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அவன் சிரித்தபடி கையைக் காட்டிவிட்டுப் படகேறும்போது நல்ல வெளிச்சம், நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. குடிசை மூலையில் இலை மூடின சிரட்டை ஒரு கணம் தெரிந்தது. ஊரில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை, எங்கள் இருவரையும் தவிர. ஸஹீதா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினாள். ‘கல்லுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல அக்கா, அது விளையாட்டு. பொழுது இன்னும் படல்ல தானே?’ என்று கேட்டாள். அவள் ஓட்டோவில் ஏறிப் போனபிறகும் நான் வேலிப் படலையடியில்தான் நின்றேன்.

அப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. உனக்குத் தெரியும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவிக்கு நிற்கும் ஒவ்வொரு முறையும், போன முறை வாய்க்கு வந்தபடி ஏசினவரோடு கூட்டுச் சேர்ந்து வென்றவர் அவர். மறுநாள் காலையில் மேசையில் புளியங்கொட்டையைப் பரப்பி, இது இந்தியப் பிள்ளைகள், இது மலேசியா, இது நீ என்று அடுக்கி, நீ செய்ததுதான் சரி என்று எனக்கு விளக்கினார். அரசியல் எனக்கு விளங்காதாம். வட்டையில் நெல்லுக்கு இந்தப் போகம் தண்ணீர் குறைவு, வாய்க்கால் பக்கம் போய்ப் பார்க்க வேண்டிய மனிதர் புளியங்கொட்டைக்குக் காவல் இருந்தார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் உன்னைக் கெட்டிக்காரி என்றார்கள். மற்றப் பாதி, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்றார்கள், மீன்காரர் என்னைக் கண்டதும் தராசைப் பார்த்துக்கொண்டே பேசினார், உதயரூபன் உன் படத்தைச் சத்தமில்லாமல் கழற்றிப் பால் பண்ணைக் கூரைக்கு ஒழுக்கு மறைக்கப் போட்டான். நீ கடைசி இருவரில் ஒருத்தி என்று தெரிந்த அன்றைக்கே அதைக் கூரையிலிருந்து இறக்கிக் கழுவித் திரும்பவும் சந்தியில் கட்டினான். இரண்டகம் என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது எங்கள் பிள்ளை, எங்கள் பிள்ளை என்கிறார்கள். தீவில் நீங்கள் கட்சி மாற ஒரு கிழமை எடுத்தீர்கள், இங்கே ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

கடைசிக்கு நிற்பது நீயும் உனக்கு யோசனை சொன்ன அதே மலேசியாப் பெண்ணும். ஞாயிற்றுக்கிழமை நேரலையில், வெளியே போனவர்கள் அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே ஆளுக்கொரு கல் போட்டு வென்றவரைத் தெரிவு செய்வார்களாம். இதுவரை கல் விழுந்தால் தோல்வி, அன்றைக்கு மட்டும் கல் விழுந்தால் வெற்றி. உதயரூபன் கூட்டிக் கழித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் சமம், ஹில்மியின் கல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பரிசு என்று அறிவித்துவிட்டான். அவ்வளவுதான், போன திங்கட்கிழமை அப்பாவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, கோயில் மகளிர் சங்கத்துக்கு ஒரே நிறத்தில் சாரி வேண்டும் என்று நேரே ஹலீமின் கடைக்குப் போனார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளைகளின் விளையாட்டை மனதில் வைக்கக்கூடாது, மகனுக்கும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஹலீம் சாரியைக் கட்டிக் கொடுத்து, ஒரு கலண்டரும் கொடுத்து, பிள்ளைகளின் விஷயம் பிள்ளைகளோடு என்று சொன்னாராம். உள்ளே ஸஹீதா இருந்தாளாம், வெளியே வரவில்லையாம். அப்பா அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், இனி நான் போய் அழுதாலும் அது சாரிக்கட்டுக்குப் பின்னால் வந்த அழுகை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நான் எதைச் சொன்னாலும் அது கல் கேட்பதாகத்தான் முடியும், அதற்குப் பிறகு போகலாம் என்றால், நீ வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அவள் கேட்பாள். கேட்க அவளுக்கு நியாயமும் உண்டு.

நேற்று முழுக்க யோசித்துவிட்டு, பின்னேரம் அப்பாவிடம் தையல் நூல் வாங்க என்று சொல்லி பஸ் ஏறினேன். ஸஹீதா கதவைத் திறந்தாள், வாங்க என்று சொன்னாள், ஆனால் முன்போல் கையைப் பிடிக்கவில்லை. ஹில்மிக்குக் கோபமே இல்லையாம், விளையாட்டு உம்மா, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று சிரிக்கிறானாம். ‘அவனுக்கில்ல, எனக்குத்தான் அக்கா இன்னும் தொண்டைக்குள்ள கிடக்கு’ என்றாள். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன். ‘உங்கட மகன் ஞாயித்துக்கிழம எண்ட மகளுக்குக் கல் போட வேணாம். அதச் சொல்லத்தான் வந்தன்’ என்றேன். ‘இது புது யுக்தியா அக்கா?’ என்று கேட்டாள். இல்லை என்றேன், வேறு எப்படிக் கேட்டாலும் அது மன்னிப்பாக இருக்காது, இப்படிக் கேட்டால்தான் எனக்கு இதில் வேறு எதுவும் வேண்டாம் என்று நீங்கள் நம்புவீர்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நான் வந்து இப்படிச் சொன்னதை ஹில்மியிடம் சொன்னால் அவன் மனம் இளகி, கட்டாயம் உனக்குத்தான் போடுவானாம், அப்படிப்பட்ட பிள்ளையாம், சொல்லாவிட்டால் எந்தப் பக்கம் போடுவான் என்று அவளுக்கே தெரியாதாம். அப்படியானால் சொல்லாதீர்கள் என்றேன். ‘ஓம், சொல்லல்ல’ என்று என் கையைப் பிடித்தாள். பிறகு இரண்டு பேரும் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம், அவள் தொதல் இனிப்பு வெட்டித் தந்தாள், கடைசி பஸ்ஸுக்குத்தான் வந்தேன், நூல் வாங்க மறந்துவிட்டேன்.

ஆக மகள், காத்தான்குடிக்கும் தேற்றாத்தீவுக்கும் நடுவில் இப்போது ஒரு கூட்டணி இருக்கிறது, அது உனக்கு எதிரானது, அதில் உன் அம்மாவும் ஓர் ஆள். இதை அறிந்தால் அப்பா என்னோடு பேச மாட்டார், ஆகையால் வாசித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடு. ஞாயிறு நீ தோற்றால் ஊர் ஹில்மியைக் குறை சொல்லும், அதை நம்பாதே, உனக்கு வரக்கூடிய கல்லை வழியில் மறித்தவள் உன்னைப் பெற்றவள். என்மேல் கோபித்துக்கொள், பரவாயில்லை, ஆனால் பெருவிரல் அனுப்பாமல் வாயால் ஏசு. நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, மலேசியாப் பெண் தோற்றால் அவளோடும் நாலு நல்ல வார்த்தை பேசு, பாவம், அவளுக்கும் ஒரு தாய் டீவிக்கு முன்னால் இருப்பாள். அம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், நீயும் யாரையும் கைவிடாதே, வெற்றியோ தோல்வியோ உன் நெற்றியில் என் முத்தம் இருக்கும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. ஸஹீதாவின் இலக்கத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முடியும்வரை தொடாதே, அதற்கு முன்னால் எடுத்தால் அது கல் கேட்பது. திங்கட்கிழமை எடு. சிரட்டையில் இருந்த சோறு என்னவாயிற்று என்று அவள் கேட்பாள், அதைக் கேட்காமல் விடமாட்டாள். தின்றிருந்தால் தின்றேன் என்று சொல், பசி குற்றமில்லை, அவளும் பிள்ளை பெற்றவள்தான். பொய் மட்டும் சொல்லாதே, அந்த வீட்டில் எனக்கு இப்போது ஒரு கதிரை இருக்கிறது.

இப்படிக்கு, ஞாயிறை விடத் திங்களைப் பார்த்திருக்கும் உன் அம்மா,
சீதேவிப்பிள்ளை