முதுகில் என் பெயர்

ஒக்டோபர், செவ்வாய் இரவு

எழுத்துப் பழகியபின் நான் ஆங்கிலத்தில் வாசித்த முதல் சொல், பேரன் ரமணனின் விளையாட்டுச் சட்டை முதுகில் இருந்த என் பெயர். இங்கே கனடாவில் என் பெயர்தான் எங்கள் குடும்பப் பெயர். அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தோடு ஓடுவது அவன் வேலை. அணி மாறும், சட்டையின் நிறம் மாறும், பெயர் மாறாது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோசம்.

இன்று மகன் ஒஷாவாவுக்கு வேலைக்குப் போனபின் ரமணன் ஃபோனில் கோல் எடுத்தான்.

"அப்பப்பா, இந்த டீமிலையும் என்னை நிப்பாட்டிட்டாங்கள்."

"கால் நோவோ?"

"இல்லை. என்னைவிடக் கெதியா ஓடுற ஒருத்தன் வந்திட்டான். உடுப்பு வைக்கிற லொக்கரிலை இருந்த பேரையும் கழட்டிப்போட்டாங்கள்."

"என்ரை பேரையோடா?"

சிரித்தான்.

"வீட்டை வாவன்."

"வேறை டீம் கூப்பிடும், பாப்பம்."

ஃபோனை வைத்துவிட்டு இந்த நாட்குறிப்பைத் திறந்தேன். அவர்கள் கழட்டிய பெயரை இங்கே எழுதி வைக்கிறேன், கோணலாக வந்தாலும்: கந்தையா.