தோணிப் பூனையும் பொன்னரளியும்

சாத்தான்குளம்
14-5-1942

அன்புள்ள தங்கச்சி பிலோமினாவுக்கு,

மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் வீடுகளுக்குப் பொதுவான வளவில் துணி காயப்போட்டுக்கொண்டே நீ ஒன்று கேட்டாய். உன் வீட்டுக்காரர் ரோச் தண்டலாக இருந்து ஓட்டுகிற தோணி அப்போது கரையில் நின்றது. தோணியில் எலி பிடிக்கிற பூனை சுக்கான் உங்கள் வாசலில் படுத்துக் கிடந்தது. "சார்வாள், நீங்க நட்டிருக்கிய பொன்னரளி பூனைக்கு ஆகுமா, ஆகாதா?" என்றாய். நான் சிரித்தேன். "அரளி விதை மனுஷனுக்கே ஆகாது. அதுக்காக உன் பூனை மரத்தில் ஏறி விதை பறித்துத் தின்னப் போகிறதா?" என்றேன்.

நேற்று வந்த உன் கார்டில், பூனை சுருண்டு கிடக்கிறது என்று எழுதி, அதே கேள்வி. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

பதறாதே. ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கே பக்கத்து வீட்டு ஆடுகள் முள்ளைக்கூட விடுவதில்லை. வேலியில் நிற்கும் அரளியை மட்டும் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. மிருகங்களுக்குத் தெரியும். பூனை கெட்ட மீன் எதையாவது தின்றிருக்கும். வாந்தி எடுக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, கால் சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்து எழுது.

கொழும்பில் குண்டு விழுந்த மறுவாரமே தூத்துக்குடி வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்தவன் நான். உனக்குப் புத்தி சொல்ல வாய் இல்லை. ஆனாலும் விமானக் குண்டுவீச்சுப் பாதுகாப்புக்கு வந்த ஏ.ஆர்.பி. ஆட்கள் சொன்னபடி தீயணைக்க நான் வைத்த தண்ணீர் வாளியும் மணல் வாளியும் அதே இடத்தில் இருக்கட்டும். மர நிழலை விட்டு எடுக்காதே. இந்த வெயிலில் தண்ணீர் வற்றிவிடும்.

அன்புடன்,
கிருபாநிதி


சேசு மரி சூசை

தூத்துக்குடி
17-5-1942

மரியாதைக்குரிய சார்வாளுக்கு பிலோமினா எழுதிக்கொள்வது.

நீங்க கேட்ட மூணும் இருக்கு. வாந்தி நாலு தடவை. எச்சில் நூல் மாதிரி ஒழுகுது. காலைத் தொட்டா ஈரத்துணியைத் தொட்ட மாதிரி இருக்கு. கெட்ட மீன்னு எழுதியிருக்கிய. குண்டுக்குப் பயந்து ஒரு மீன்பிடி வள்ளமும் கடலுக்குப் போகல. நல்ல மீனையே கண்ணால பாக்கல, கெட்ட மீனுக்கு நான் எங்க போவேன்?

அவிய தோணி கொழும்புக்குப் போயி இன்னையோட இருபத்தாறு நாள். வழக்கமா பன்னிரண்டு நாள்ல திரும்பிருவாவ. கடலைப் பொரட்டுற கச்சான் காத்து வேற தொடங்கிட்டு. போகும்போது சுக்கானைக் கரையில இறக்கி என் மடியில போட்டாவ. "அங்கன குண்டு போடுதான். இது ஒண்ணாவது பத்திரமா இருக்கட்டும். நான் வாரவரைக்கும் பாத்துக்கோளா"ன்னு சொன்னாவ. எட்டு வருஷத்துல அந்தப் பூனை இல்லாம தோணி போனது இதுதான் முதல் தடவை. சுக்கான் நல்லா இருந்தா அவியளும் நல்லா இருப்பாவன்னு மனசு பிடிச்சுக்கிட்டு. விட மாட்டேங்குது. சிரிக்காதிய.

விறகு வெட்டுற அய்யாக்குட்டி கோடாலியோட வாசல்ல நிக்கான். மரம் உங்களது. வெட்டவா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுதுங்க.

பிலோமினா


சாத்தான்குளம்
20-5-1942

அன்புள்ள தங்கச்சிக்கு,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆட்டு வைத்தியர் தாணுலிங்கத்திடம் போனேன். "அரளிப் பாலை நக்கினா எந்த மிருகத்துக்கும் ஆகாது வே. விலகிப் போற புத்தி ஆட்டுக்கு உண்டு. பூனைக்கு உண்டான்னு என்கிட்ட கேட்டா? நீருல்லா முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்துனீரு" என்றார்.

அதனால், மிருகங்களுக்குத் தெரியும் என்று போன கடிதத்தில் நான் சொன்னது தப்பு. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் அவசரப்பட்டு வெட்டாதே. விஷம் எந்த வழியாகப் போனது என்று தெரியாமல் மரத்தை மட்டும் சாய்த்து என்ன செய்ய? சுக்கான் எதில் நகம் கீறுகிறது, எங்கே படுக்கிறது, எதைக் குடிக்கிறது என்று நினைத்துப் பார்த்து எழுது. இரண்டு நாள் பொறு.

அன்புடன்,
கிருபாநிதி


சேசு மரி சூசை

தூத்துக்குடி
25-5-1942

சார்வாளுக்கு,

பொறுக்கச் சொன்ன கடுதாசி வெள்ளிக்கிழமை வந்தது. பொறுத்தேன். சனிக்கிழமை விடியும்போது சுக்கான் செத்துப்போச்சு.

அன்னைக்குக் குசினியில அடுப்பு மூட்டல. பெட்டியில இருந்து கறுப்புச் சேலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் நம்ம வளவு பர்னபாஸ் கொழும்புல இருந்து வேற தோணியில வந்து இறங்கி, நேரே நம்ம வாசலுக்கு வந்தான். "மதினி, தண்டல் சுகமா இருக்காவ. துறைமுகத்துல பெர்மிட் குடுக்காம தோணியை நிறுத்தி வச்சிருக்கான். தாடி வளந்து ஆட்டுக்கடா மாதிரி இருக்காவ"ன்னு சொன்னான். நான் சிரிச்சேன். பொறவு அழுதேன். விடிஞ்சதுல இருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் நான் தாலி அறுத்தவளா இருந்தேன் சார்வாள், ஒரு பூனைக்காக.

அவிய வந்து இறங்குனதும் முதல்ல சுக்கான் எங்கன்னுதான் கேப்பாவ. நான் என்ன சொல்ல?

நீங்க கேட்டதுக்குப் பதில். அது அந்த மரத்துல ஏறுனதே இல்ல. நகம் கீறுனது எங்க கதவு நிலையில. படுத்தது மணல் வாளியில. குடிச்சது பக்கத்துல இருக்கிற தண்ணி வாளியில, நீங்க அரளி நிழல்ல வச்சிட்டுப் போனது. மேல விழுந்து கிடக்கிற பூவை முன்னங்காலால ஒதுக்கி ஒதுக்கிக் குடிக்கும். பாக்க அழகா இருக்கும்.

அய்யாக்குட்டியைத் திருப்பி அனுப்பிட்டேன். இனி வெட்டி என்ன?

பிலோமினா


சாத்தான்குளம்
28-5-1942

தங்கச்சி பிலோமினாவுக்கு,

பூவை ஒதுக்கி ஒதுக்கிக் குடிக்கும் என்று எழுதியிருக்கிறாயே, விஷம் போன வழி அதுதான்.

தேயிலையை யாரும் மென்று தின்பதில்லை. தண்ணீரில் போட்டால் அதன் சாரம் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. இந்த உதாரணத்தை நான் வருஷம் தவறாமல் வகுப்பில் சொன்னவன். அந்த வாளியில் அரளிப் பூவும் இலையும் நாற்பது நாள் ஊறியிருக்கின்றன. வாளியை அங்கே வைத்தது நான். எடுக்காதே என்று எழுதியதும் நான். நீ பூனையைச் சரியாகத்தான் பார்த்துக்கொண்டாய்.

ரோச்சுக்கு நீ பதில் தேட வேண்டாம். தோணி வந்ததும் ஒரு கார்டு போடு. அடுத்த பஸ்ஸில் வந்து நானே அவரிடம் சொல்கிறேன். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். மரத்தை என்ன செய்வதென்று அவரே சொல்லட்டும்.

வாளி மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது. பர்னபாஸ் பிள்ளைகள் அந்த வளவில்தான் விளையாடுகிறார்கள். இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன் எழுந்து போய் அந்தத் தண்ணீரைக் கொட்டு.

கிருபாநிதி