நரிக்குப் போன பின்னேரங்கள்

19.4.88 செவ்வாய்

காலையில் மழை. பதினொரு மணிக்கு வெயில். பிறகு திரும்பவும் மழை. இந்த ஊர் வானத்துக்கு ஒரு முடிவு எடுக்கத் தெரியாது. கீழே உடுப்புத் தோய்க்கும் அறை இன்று எங்கள் முறை. மெஷினில் போட்டது பாதி, கையால் கசக்கியது பாதி.

இவர் மூன்று மணிக்கு முன்னமே வந்துவிட்டார். ரெஸ்ரோறன்டில் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் ஒரு இடைவேளை கொடுப்பார்கள். ‘சிம்மர்ஸ்டுண்ட’ என்று பெயர். ஐந்துக்குத் திரும்ப நிற்க வேண்டும். இரவு வரும்போது எனக்குப் பாதி நித்திரை, அவருக்கு முழு நித்திரை. ஆக, ஒரு நாளில் எனக்கென்று மனுசன் கிடைப்பது இந்த இடைவேளையில்தான்.

வந்தார். சாப்பிட்டார். கை கழுவினார். வேலையில் மிஞ்சிய கோழித் துண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்படிக்குப் போய்விட்டார். நரியிடம்.

நான் இங்கே வந்து ஆறு மாதம். நரி பழக்கமாகி இரண்டு வருடமாம். அப்படியென்றால் அதுதான் மூத்த தாரம்.

20.4 புதன்

குளிர். முழங்கால் நோ.

வாசலில் கழற்றி வைத்த என் இடது செருப்பைக் காணவில்லை. ஊரில் இருந்து போட்டுக்கொண்டு வந்த செருப்பு. பக்கத்தில் இருந்த இவருடைய சப்பாத்து அப்படியே இருக்கிறது, ஒரு நூல் கலையாமல்.

“நரிக் குட்டியளுக்கு விளையாடக் கொண்டு போயிருக்கும்” என்று இவருக்கு ஒரே சிரிப்பு. இந்த ஓர்லிகோன் ஊரில் இத்தனை வீடு, இத்தனை வாசல். அதற்கு என் செருப்புத்தான் கிடைத்தது. வேண்டுமென்றே செய்த வேலை.

ஊர் நரி சாம்பல், மெலிந்தது, மனிதரைக் கண்டால் ஓடும். இது செங்கல் நிறம். வால் மட்டும் ஒரு தலையணை அளவு. ட்ராம் பாதையைத் தாண்டி, கார்களுக்கு நடுவே, வாடகை கட்டுகிற ஆள் மாதிரி நடந்து வருகிறது. வடிவுதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

22.4 வெள்ளி

பின்னேரம் தவம் அண்ணை வந்தார், இவரோடு ஒன்றாக வேலை செய்கிறவர். தேத்தண்ணி, வாய்ப்பன். வாய்ப்பனுக்குள் வாழைப்பழம் காணாது. இருந்தும் நாலு சாப்பிட்டார்.

“தங்கச்சி, உங்கட மனுசன் ஒவ்வொரு நாளும் நரி முகத்திலை முழிக்கிறான். அதுதான் அவனுக்கு எல்லாம் சரிவருது.”

“என்னண்ணை சரிவந்தது?”

“என்ன இப்பிடிக் கேக்கிறியள்? நீங்கள் வந்து சேந்தியள்தானே!”

நான் ஏஜென்சிக்காரனோடு மல்லுக்கட்டி, மூன்று நாட்டில் பட்டினி கிடந்து, எல்லையில் இரண்டு செருப்பும் ஈரமாக நடந்து வந்தது. அந்தப் பெயரும் அதற்கே போய்விட்டது.

24.4 ஞாயிறு

நல்ல வெயில். இவருக்கு லீவு. ஏரியில் படகில் போவதாகச் சொல்லியிருந்தார். நீலச் சேலை உடுத்து, கொண்டை போட்டு, பத்து மணிக்கே ஆயத்தம்.

பத்தே காலுக்குக் குட்டிகள் வெளியே வந்தன. முதல் தடவையாம். பின்னால் தோட்டக் காணிகளில், கடைசிப் பழைய கொட்டிலுக்கு அடியில்தான் அதன் பொந்து. நாலு குட்டி, சாக்கு நிறம். ஒன்றை ஒன்று கடித்து உருண்டன. ஒன்றின் வாயில் என் செருப்பு.

படகு அவ்வளவுதான். சேலையோடு குசினி யன்னலில் நின்றேன். இவர் படியில் இருந்து அதோடு கதைக்கிறார். எவ்வளவு கதை! ஷெஃப் ஏசியது, முதல் வருடப் பனியில் விழுந்தது, அறையில் ஆறு பேர் படுத்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் கிடைப்பது “உப்புக் காணாது”, “திறப்பு எங்கை”.

தன் தாயைப் பற்றி, என் மாமியைப் பற்றி, இந்த ஆறு மாதத்தில் ஒரு கேள்வி இல்லை. கலியாணம் முடித்து எட்டாம் மாதம் இவர் வெளிக்கிட்டுவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம் மாமியோடு இருந்தது நான். கடைசி மூச்சுக்கும் பக்கத்தில் நான். சொல்லத் தொடங்கினால் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகிறார். என்னிடம் இருப்பதைக் கேட்கவில்லை. ஒன்றும் இல்லாத அதனிடம் கொட்டுகிறார்.

எரிச்சல். வேறு சொல் கிடையாது. பொறாமை என்றும் சொல்லலாம். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

26.4 செவ்வாய்

வாங்க: தூள் உப்பு, வெங்காயம், நெருப்புப் பெட்டி, செருப்பு (!).

ஆட்டுக்கறி சமைத்தேன். எலும்பை அதற்குக் கொடுப்பார் என்று தெரியும். மிளகாய்த் தூள் மூன்று மடங்கு போட்டேன். இவருக்குக் கண், மூக்கு எல்லாம் ஓடியது. துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தார். அது எலும்பைக் கடித்து, தட்டை நக்கி, இன்னும் இருக்கா என்று பார்த்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்க வேண்டியது.

27.4 புதன்

மேல்வீட்டு மனுசி ஃப்ராவ் புரூனர் கதவைத் தட்டினா. அவவுடைய முயல் ஒன்றைக் காணவில்லை. ‘ஃபுக்ஸ், ஃபுக்ஸ்’, நரி நரி என்று கையை ஆட்டினா. கடித்தால் விசர் நோயும் வருமாம். வேட்டை அதிகாரிக்குச் சொல்லப் போகிறா. பொந்து எங்கே என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டா.

கொட்டில், பின்னால், கீழே. மூன்றுக்கும் ஜேர்மன் சொல் எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேவையான சொல் எல்லாம் வாயில் தயாராக இருந்தது.

“மோர்கன்” என்றேன். நாளைக்கு.

28.4 வியாழன்

நித்திரை இல்லை. காலையில் புரூனர் வந்தா. “வைஸ் நிஷ்ட்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெரியாது.

பாவம் பார்த்து அல்ல. சுட்டால் இவர் அழுவார். தன் தாய் செத்ததுக்குக்கூட என் முன்னால் அழாத மனுசன் அதற்காக அழுவதை நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

30.4 சனி

வானம் மப்பு. காற்று. இவர் வேலைக்குப் போகும்போது கதவில் நின்று சொன்னார், “நாளைக்குச் சித்திரா பௌர்ணமி. அம்மாவுக்கு விரதம்.” அவ்வளவுதான். தாயை இழந்தவர்கள் விரதம் பிடித்துப் படைக்கிற நாள்; மாமி போன பிறகு வருகிற முதல் சித்திரா பௌர்ணமி.

பயற்றங்காய் இல்லை, இங்கத்தைய போஞ்சி. வாழைக்காய் ஒன்று, தங்கத்தின் விலை. பாகற்காய் கிடைக்கவே இல்லை. மாமிக்குப் பாகற்காய் இல்லாமல் படைக்கிறது சரியில்லை, ஆனால் என்ன செய்ய.

1.5 ஞாயிறு

தெளிந்த வானம். விடியத் தலைக்குத் தோய்ந்து சமைத்தேன். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, போஞ்சி, பாயசம். படைத்து முடித்துக் காகத்துக்கு ஒரு கடதாசித் தட்டில் வைத்துப் பின்படியில் இவர் கூப்பிட்டார். ஒரு காகம் கம்பத்தில் இருந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. வரவில்லை.

நரி வந்தது. நேராகத் தட்டுக்கு.

நான் விளக்குமாற்றோடு ஓடினேன். மாமியின் சோறு! இவர் கையை நீட்டி மறித்தார். “விடும். தின்னட்டும்.”

கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். இவர் குந்தி இருந்து அதனிடம் மெல்லச் சொல்கிறார்: “அம்மாவின்ரை சோறு, தெரியுமோ. அவவுக்கு நான் ஒரு வாய் தண்ணி குடுக்கேல்லை. என்னைத் தேடினவவோ, ஏசினவவோ, ஒண்டும் தெரியாது. கேக்கப் பயமாக்கிடக்கு.”

கேட்க வேண்டிய ஆள் நான் இரண்டடி தூரத்தில் விளக்குமாற்றோடு நிற்கிறேன். இவர் நரியிடம் பயத்தைச் சொல்கிறார். போய் முதுகில் ஒன்று போடலாம் போல இருந்தது.

கலியாணம் கட்டிய புதிதில் இவரோடு நேரே கதைக்க வெட்கம். மாமியைப் பார்த்துத்தான் சொல்வேன், “மாமி, சாப்பாடு ஆறுது எண்டு சொல்லுங்கோ.” இவரும் மாமியைப் பார்த்தே பதில் சொல்வார். அந்த எட்டு மாதமும் அப்படித்தான் நடந்தது. மாமிக்கு அதில் ஒரு சந்தோசம்.

விளக்குமாற்றை வைத்தேன். படியில், இவருக்குச் சற்றுத் தள்ளி இருந்தேன். நரியைத்தான் பார்த்தேன்.

“இஞ்சை பார், நரி. உன்ரை ஆளிட்டைச் சொல்லு. மாமி ஒரு நாளும் ஏசேல்லை.”

இவர் தட்டை நரிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

“தபால்காரன் வந்தால் எழும்பி இருப்பா. கடுதாசியை என்னைக் கொண்டு ரெண்டு தரம் வாசிப்பிப்பா. ‘அங்கை குளிராம், பிள்ளை, அவன் போர்க்கிறானோ’ எண்டு கேட்டவ. கடைசி நாளும் அதைத்தான் கேட்டவ. நான் ஓம், போர்க்கிறார் எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகுதான் கண்ணை மூடினவ.”

நரி சோற்றை முடித்தது. பாயசத்தையும் முடித்தது. இவர் அதைப் பார்த்தபடியே, “நோவு இருந்ததோ எண்டு கேள்” என்றார்.

“இருந்தது. நான் எண்ணெய் பூசி விட்டனான் எண்டு சொல்லு.”

அது எப்போது போனது என்று தெரியாது. வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் வெயில் படியை விட்டுப் போகும்வரை கதைத்தோம். அழுதார். நானும்.

இப்போது மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். குசினியில் தட்டுக் கழுவுகிற சத்தம். இவர்தான். இடையில் தண்ணீரை நிற்பாட்டிவிட்டுக் கேட்கிறார், அம்மா கடைசியில் எந்தச் சேலை உடுத்திருந்தவ என்று. பின்கதவு பூட்டி இருக்கிறது. என்னைத்தான் கேட்கிறார்.