மூன்றாவது பெடல்

என் பிரியமான 'இஞ்சேருங்கோ'வுக்கு,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டில் இப்போது நானும் உங்கள் சிவப்பு மஸ்டாங் காரும்தான்.

எண்பதுகளின் கடைசியில் நீங்கள் அதைக் கொண்டுவந்தபோது அது கியர் தானாக மாறும் ஓட்டோமற்றிக். நான் லைசென்ஸ் எடுத்ததும் ஓட்டோமற்றிக்கில்தான். சேலை கட்டியவள் ஒருத்தி அந்த நீண்ட மூக்குக் காரை ஹை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனால் சனம் திரும்பிப் பார்க்கும். எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

பிறகு சிவம் வந்தான். உங்களோடு பஸ் டிப்போவில் வேலை செய்த மெக்கானிக். "அண்ணை, இந்த எஞ்சினுக்கு ஓட்டோமற்றிக் சரிவராது. கியர் மாத்தி ஓடவேணும்" என்றான். குசினிக் குழாயைத் திருத்தச் சொல்லி நான் எத்தனை மாதம் கேட்டேன்? அவன் ஒருமுறை சொன்னதும் ஓம் என்றீர்கள்.

ஞாயிறு என்றால் இரண்டு பேரும் காருக்கு அடியில். உடைத்த காரொன்றிலிருந்து கியர்பெட்டி வாங்கினீர்கள். தரையை வெட்டிக் கியர்த்தடி வைத்தீர்கள். இரண்டு பெடல் இருந்த இடத்தில் கிளச்சோடு மூன்று வந்தது.

"அப்ப நான் எப்பிடி ஓடுறது?" என்று கேட்டேன்.

"நீர் பக்கத்தில இருந்து வாருமன்" என்றீர்கள்.

ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணியவர்கள் கியர்க் காரை ஓட்டக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அது உங்களுக்கும் தெரியும். பக்கத்துச் சீட்டாவது எனக்குக் கிடைத்ததா? முதல் ஓட்டத்தில் அதில் ஏறியவனும் சிவம்தான். நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். வேறொரு பெண்ணோடு போயிருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். சிநேகிதனோடு போகிறவரை என்னவென்று கேட்பது?

நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன கிழமை, வந்தவர்கள் எல்லாரும் சிவத்தைத்தான் தேற்றினார்கள். அழுவதிலும் என்னை முந்திவிட்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் வந்தான். "அக்கா, பழைய ஓட்டோமற்றிக்கைத் திருப்பிப் பூட்டித் தாறன், நீங்கள் ஓடலாம். இல்லாட்டிக் கார் என்னட்டை நிக்கட்டும்."

"ரெண்டும் வேண்டாம்" என்றேன்.

மறுநாளே டிரைவிங் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தேன். பிரிக்ஸ்டன் ஹில் ஏற்றத்தில் கார் பின்னால் உருள, ஹோர்ன் அடித்தவர்கள் அத்தனை பேரின் கோபத்தையும் வாங்கினேன். முதல் சோதனையில் ஃபெயில். அடுத்ததில் பாஸ்.

போன ஞாயிறு சிவத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். ஏன் கூப்பிட்டேன்? காட்டத்தான். அந்தக் கிளச் இவ்வளவு கனமென்று நீங்கள் சொல்லவேயில்லை. நான் மிதிக்கும்போதெல்லாம் அவனுடைய இடது காலும் வெறும் தரையை மிதித்தது.

"அக்கா, அண்ணை மூண்டாம் கியருக்கு இவ்வளவு கெதியாப் போகமாட்டார்."

"நான் போவன்."

அவன் வெளியே பார்த்தபடி கண்ணைத் துடைத்தான். எனக்கு எரிந்தது. எந்த ஏற்றத்தில் எந்தக் கியரில் போவீர்கள், எந்த வளைவில் பேச்சை நிறுத்துவீர்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இத்தனை வருடம் உங்களுக்குச் சோறு போட்ட எனக்குத் தெரியாது. தெருவில் நீங்கள் யாராக இருந்தீர்கள்? அவனிடம் என்னவெல்லாம் சொன்னீர்கள்?

காரை அவனுக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் ஞாயிறுகளில் அவனை ஏற்றிக்கொண்டு போவேன். என்னிடம் சொல்லாமல் போனதை எல்லாம் அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்பேன். பொறாமையோடுதான் கேட்பேன். ஆனாலும் கேட்பேன். இது சத்தியம்.

உங்கள் மனிசி,
இராசேஸ்வரி